நோக்குமலைக்குத் தெரியும் கலாசாலை

குவளைநாட்டு ராஜா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன். கதை போகப் போக உங்களுக்கு அதில் சந்தேகம் வரும், அப்போது வந்து என்னைப் பிடித்துக்கொள்ளக்கூடாது. நீலமேக ராயர் என்று பேர். படிப்பென்றால் அவருக்கு உயிர். எங்கேயாவது பாடம் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டால் போதும், பல்லக்கை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். உள்ளே என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த அழுகை நிஜம்.

அவருடைய நாட்டில் ஒரு பெருங்கலாசாலை இருந்தது. வானம் பார்க்கிறவர்கள், பாலம் கட்டுகிறவர்கள், தர்க்கம் பேசுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தயாரானார்கள். அதன் தென்கோடியில், மாமரத்துக்குப் பின்னால், பேறுகாலத் துறை என்று ஒன்று. ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்ப்பதற்குப் பெண்களைப் பழக்குகிற இடம். அந்தத் துறைக்கு ஒரே ஆசிரியை ஆவுடைநாயகி.

ஆவுடைநாயகிக்குக் கணீரென்ற குரல். கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று போய்விடும். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவள் வேலை தற்காலிகம்தான். வருஷா வருஷம் ஓலை வரும்: ‘இவ்வாண்டுக்கு மட்டும் தற்காலிகமாக நீட்டிக்கப்படுகிறது.’ அவளும் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவாள். வேறு நாட்டிலிருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. அவளுடைய அக்கா தலைப்பிரசவத்தில் செத்துப்போனவள். பிரசவம் பார்த்த பெண்மணி பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாள், ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு வயிற்றைத் தொட்டாள். அந்தக் கதி இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு வரக்கூடாது என்று ஆவுடைநாயகிக்கு ஒரு வெறி. ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதே நினைப்பு.

அதனால் அவள் வகுப்பில் வாய்க்கு வேலை கம்மி, கைக்குத்தான் வேலை. பிரம்புக் கூடை ஒன்று, அதன் வாயில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், உள்ளே ஒரு துணிப்பிள்ளை. பிள்ளைக்கு வைக்கோல் உடம்பு. நிஜக் குழந்தையின் கனம் வரவேண்டுமென்று வயிற்றுக்குள் கேழ்வரகு மூட்டை. மாணவிகள் அதற்குச் செல்லப்பன் என்று பேர் வைத்திருந்தார்கள். தோலுக்கு மேலே கையை வைத்துத் தடவி, தலை எங்கே, கால் எங்கே, கோணலாகக் கிடக்கிறதா என்று சொல்லவேண்டும். பிறகு நோகாமல் திருப்பவேண்டும். தப்பாகப் பிடித்தால் ஆவுடைநாயகி, “அடிப்பாவி, புள்ளையக் கொன்னுட்டியே!” என்று கத்துவாள். மாணவிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மறுபடி எடுத்து வைப்பார்கள்.

அவர்களில் வெள்ளைத்தாயி என்றொருத்தி. மேற்கு மலையில் பன்றிக்கானல் என்கிற ஊர்க்காரி. அங்கே பிரசவம் பார்க்க ஆள் கிடையாது, வலி எடுத்தால் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும், பாதிப்பேர் வழியிலேயே போய்விடுவார்கள். ஊரே சேர்ந்து தேன் விற்று அவளைப் படிக்க அனுப்பியிருந்தது. பெண் கெட்டிக்காரிதான், ஆனால் கை நடுங்கும். செல்லப்பனைத் தொட்டாலே நடுங்கும். “பழகப் பழகப் போயிரும்டீ, பயப்படாத” என்று ஆவுடைநாயகி அவளுக்கு மட்டும் கூடுதல் முறை கொடுப்பாள். அந்தக் கை நடுங்காமல் ஊர் போய்ச் சேரவேண்டும். ஆவுடைநாயகிக்கு வேண்டியதெல்லாம் அந்த வருஷம் அதுதான்.

இங்கே நோக்குமலையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஐந்து நாட்டு எல்லைகளும் வந்து முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு மலை. உச்சியில் ஒரு மண்டபம், மண்டபத்தில் ஒரு தூரக்கண்ணாடி, அதன் பின்னால் தரங்காண் தூதர் வச்சிரநாதர். ஐந்து நாட்டுக் கலாசாலைகளையும் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து, எது முதல், எது கடைசி என்று ஐப்பசி மாதம் கொடி ஏற்றுவது அவர் உத்தியோகம். ஏன், இறங்கி வந்து பார்த்தால் என்ன? கூடாது. இறங்கினால் மாலை போடுவார்கள், மோர் கொடுப்பார்கள், மனசு சாய்ந்துவிடும். மேலேயே இருந்தால் பாரபட்சம் வராது என்று அந்தக் காலத்தில் யோசித்து வைத்த விதி அது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான், அதில் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை.

அந்த ஐப்பசியில் குவளைநாட்டுக்குக் கடைசிக் கொடி ஏறியது. ராஜா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சபை கூட்டினார்.

“என் பிள்ளைகள் படிக்கும் இடம் கடைசியா?” என்றார். குரல் உடைந்தது. “கஜானாவைத் திறந்துவிடுங்கள். எவ்வளவு செலவானாலும் சரி, கல்வியின் தரம் உயர்ந்தாகவேண்டும்!”

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆணை நல்ல ஆணை. அன்றோடு கதை முடிந்திருந்தால் எல்லாரும் சுபமாக இருந்திருப்பார்கள்.

பணத்தைச் செலவழிக்கும் பொறுப்பு துணைவேந்தர் மாசிலாமணியாரிடம் வந்தது. மாசிலாமணியார் எதையும் முறைப்படி செய்கிறவர். எல்லாத் துறைத் தலைவர்களையும் கூப்பிட்டு, தரம் உயர என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஆவுடைநாயகியின் முறை வந்தது.

“ரெண்டு ஆசிரியைங்க வேணும் ஐயா, சம்பளத்தோட. நான் ஒருத்தியே எத்தனை பேரு கையப் பிடிச்சுச் சொல்லித்தர்றது? அப்புறம் கதவு சாத்துற மாதிரி ஒரு அறை. பிரசவத்துக்கு வர்ற பொம்பளைங்க கூச்சப்படறாங்க. செல்லப்பன் வயித்துல எலி புகுந்து கேழ்வரகையெல்லாம் தின்னுருச்சு, கொஞ்சம் கேழ்வரகு. அவ்வளவுதான்.”

மாசிலாமணியார் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மணி, தாங்கள் கூறிய அனைத்தும் நியாயமானவை. எனக்கு ஒரே ஓர் ஐயம். இவையெல்லாம் நோக்குமலையிலிருந்து தெரியுமா?”

“கதவு சாத்தின அறைக்குள்ள நடக்கறது எப்படி ஐயா தெரியும்?”

“அதுதான் நானும் வருந்துகிறேன்” என்றார் அவர். நிஜமாகவே வருந்தினார், பாவம்.

முதலில் முகப்பு வாயில் கட்டினார்கள். நோக்குமலையைப் பார்த்தமாதிரி, யானை மேல் யானை நின்றாலும் நுழையலாம் என்கிற உயரத்தில், பொன்வண்ணம் பூசி. அதற்கு இடம் வேண்டியிருந்ததால் தென்கோடிக் கட்டடத்தை இடித்தார்கள். பேறுகாலத் துறை, சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் காய்கறி வைக்கிற அறைக்குக் குடிபோனது. வாயில் கட்டிய வகையில் கஜானா இளைத்தது, அதை ஈடுகட்ட உப்புக்குக் கல்வி வரி விதித்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வாயிலைப் பார்க்கப் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஆணை, வகுப்புகள் எல்லாம் மொட்டைமாடியில் நடக்கவேண்டும் என்பது. கூரைக்குக் கீழே நடக்கிற படிப்பு யார் கண்ணுக்குத் தெரிகிறது? வெயிலில் தர்க்க மாணவர்கள் மயங்கி விழுந்தார்கள். வானியல் வகுப்பு மட்டும் சந்தோஷப்பட்டது, அதுவும் பகலில் பிரயோஜனம் இல்லை. ஆவுடைநாயகி கூடையையும் செல்லப்பனையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறினாள். “மாசமா இருக்கற பொம்பளைங்கள இந்தப் படியில ஏறச் சொல்றதா? யாருக்கு வந்த யோசனை இது?” என்று படிக்கட்டு பூராவும் திட்டிக்கொண்டே போனாள்.

அங்கேதான் அந்த விபரீதம் நடந்தது. வெள்ளைத்தாயி செல்லப்பனைத் திருப்பி வெளியே எடுத்து, “அம்மா, கை நடுங்கலம்மா! பாருங்க, நடுங்கல!” என்று குதித்தாள். செல்லப்பனை உயரத் தூக்கிக் காட்டினாள். வயிற்றில் கேழ்வரகு இல்லாத செல்லப்பன், வெறும் வைக்கோலும் துணியும். மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த ராஜாளி ஒன்று சரேலென்று இறங்கியது. லபக்கென்று கொத்திக்கொண்டு போய்விட்டது. மாணவிகள் வாயைப் பிளந்து நின்றார்கள். செல்லப்பன் தொப்புள்கொடி ஆட, நோக்குமலைப் பக்கமாகப் பறந்து சின்னதாகிப் போனான்.

வெள்ளைத்தாயி உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஆவுடைநாயகி வெறும் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை வருஷமாக எத்தனை கைகளைப் பழக்கிய பிள்ளை!

ஆனால் அடுத்த ஐப்பசியில் என்ன நடந்தது தெரியுமா? குவளைநாட்டுக்கு இரண்டாம் கொடி! கூடவே தூதரின் குறிப்பு: ‘இந்நாட்டுக் கலாசாலையில் பிறக்கும் குழந்தைகள் பறக்கின்றன. பேறுகாலக் கல்வி பிரமாதம்.’

அரண்மனையில் சர்க்கரைப் பொங்கல் கிண்டினார்கள். ஆவுடைநாயகி ஓடினாள், மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

“ஐயா, அது பறக்கல. ராஜாளி தூக்கிட்டுப் போச்சு. அது பொம்மை ஐயா.”

மாசிலாமணியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அம்மணி, பறந்ததா, தூக்கிச் செல்லப்பட்டதா என்பது தத்துவார்த்தமான கேள்வி. அதைத் தர்க்கத்துறை பார்த்துக்கொள்ளும். நம் கடமை அச்சாதனையைத் தொடர்வது.”

தொடர்ந்தார்கள். ‘குழந்தை பறத்தல் உயராய்வு மையம்’ ஒன்று எழுந்தது. பட்டுத்துணியில் துணிப்பிள்ளைகள் தைத்து, கயிறு கட்டி, தினமும் மாடிக்கு மேலே காற்றில் இழுத்தார்கள். மையத்துக்கு இயக்குநர், துணை இயக்குநர், கயிற்றுக் கண்காணிப்பாளர். வருஷச் செலவில் பாதி அங்கே போனது.

“அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணே ஒண்ணு எங்களுக்குக் குடுங்க ஐயா” என்று கேட்டாள் ஆவுடைநாயகி.

“அவை பறப்பதற்கானவை, அம்மணி. பயிற்சியில் கையாண்டால் சாயம் போய்விடும்” என்றார் இயக்குநர்.

அவள் என்ன செய்வாள்? காய்கறி அறையிலேயே இருந்த பூசணிக்காயை எடுத்துக் கூடைக்குள் போட்டாள். “காம்பு தலைன்னு வெச்சுக்கங்கடீ. தடவிச் சொல்லுங்க.” சமையற்காரர் வந்து சாம்பாருக்குப் பூசணி கேட்டால், “பிள்ளை இன்னும் பிறக்கல, செத்த பொறுங்க” என்பாள்.

அதற்குள் உப்பு வரி போதாமல் மாணவர் கட்டணத்தை ஏற்றினார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. ‘தரம் உயர்ந்தவுடன் வழங்கப்படும்’ என்று ஓலை வந்தது. ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். சிலர் பக்கத்து நாட்டுக்கு, சிலர் வயலுக்கு. மாடியில் மாணவர்கள் தெரிந்தார்கள், ஆசிரியர்கள் தெரியவில்லை. மேலேயிருந்து பார்த்தால் நன்றாகவா இருக்கும்? மாசிலாமணியார் யோசித்து யோசித்து, அந்த யோசனையைக் கண்டுபிடித்தார்.

வைக்கோல் ஆசிரியர்கள்.

வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், தலைப்பாகை. கையில் சுவடி. காற்றடித்தால் தலையாட்டுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பாடம் நடத்துகிற மாதிரியே இருக்கும். “இவர்கள் விடுப்பு எடுப்பதில்லை. ஓய்வூதியம் கேட்பதில்லை. எதிர்த்துப் பேசுவதில்லை” என்று சபையில் அறிவித்தபோது மந்திரிகள் மேஜையைத் தட்டினார்கள். பணிமூப்புப் பட்டியல் போட்டதில் ஒரு வைக்கோல் ஆசிரியர் துறைத்தலைவராகவே ஆகிவிட்டார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. மாணவர்களும் குறும்புக்காரர்கள், தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாட்டு வைக்கோல் எல்லாம் கலாசாலைக்குப் போனதில் மாடுகள் பட்டினி. பால் அருமையாகிவிட்டது, பச்சைக் குழந்தைக்காரிகள் சொம்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். பசி தாங்காத பசு ஒன்று படியேறிப்போய்த் தர்க்கத்துறைப் பேராசிரியரைத் தின்றுவிட்டது. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. பசு வாய்திறக்க மறுத்ததால் விசாரணை இன்னும் முடியவில்லை.

அதற்கடுத்த ஐப்பசியில் முதல் கொடி ஏறியது. ராஜா தேம்பித் தேம்பி அழுதார், ஆனந்தத்தில். அதே வாரம் ஆவுடைநாயகிக்கு ஓலை வந்தது. ‘தங்கள் இடத்துக்கு முழுத் தகுதியுள்ள வைக்கோல் ஆசிரியை கிடைத்துவிட்டபடியால், தற்காலிகப் பணி நீட்டிக்கப்படவில்லை.’

அவள் அதை ரெண்டு தடவை படித்தாள். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைத்தாயியின் படிப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ராஜாளி கொண்டுபோன அன்றைக்கு நின்ற நடுக்கம், மறுநாளே திரும்பி வந்திருந்தது. பூசணிக்காயைத் தொடும்போது மட்டும் நடுங்காது, அது என்ன பெரிய தைரியம்?

“இப்படியே ஊருக்குப் போனா நான் என்னம்மா செய்வேன்?” என்றாள் வெள்ளைத்தாயி.

ஆவுடைநாயகி எழுந்து கூடையை நிமிர்த்தி வைத்தாள். துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மறுநாள் உச்சிப் பொழுதில் பொன்வாயிலில் ஒரு பல்லக்கு வந்து நின்றது. கூடவே வெயிலில் முகம் கறுத்த ஒரு பெரியவர், வாயிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். வச்சிரநாதர்! தூதர் பார்வையிடத்தான் இறங்கக்கூடாது, சொந்தக் காரியமாக இறங்க விதியில் தடையில்லை. பல்லக்கில் அவர் மகள் மாதங்கி, நிறைமாசம். ஐந்து நாட்டிலும் முதலிடம் பிடித்த கலாசாலை இருக்கும்போது மகளை வேறெங்கே பிரசவத்துக்குக் கூட்டிப்போவார்? தானே ஏற்றிய கொடியைத் தானே நம்பி வந்திருந்தார்.

செய்தி கேட்டு ராஜாவும் ஓடி வந்தார். மாசிலாமணியார் கும்பிட்டபடியே எல்லாரையும் ‘மகப்பேற்று மாளிகை’க்கு அழைத்துப்போனார். அந்த வருஷம்தான் எழுப்பிய ஏழு நிலை மாளிகை. கதவைத் திறந்தார்கள். அந்தப் பக்கம் வயல்வெளி. முகப்புச் சுவர் மட்டும்தான் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் நோக்குமலைக்குத் தெரிவதில்லை அல்லவா?

“மருத்துவச்சி?” என்றார் தூதர்.

வைக்கோல் ஆசிரியை காற்றில் தலையாட்டினாள்.

“அப்பா!” என்று பல்லக்குக்குள் மாதங்கி அலறினாள். வலி எடுத்துவிட்டது.

“குழந்தை பறக்கும் என்று…” என்று இயக்குநர் ஏதோ தொடங்கினார்.

“பறக்கவேண்டாமய்யா!” என்று கத்தினார் வச்சிரநாதர். “நல்லபடியாகப் பிறந்தால் போதும்!”

மாசிலாமணியார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த மனிதர் ஓடி யாரும் பார்த்ததில்லை. காய்கறி அறை வாசலில் மூட்டையும் கையுமாக நின்ற ஆவுடைநாயகியின் முன்னால் போய் நின்றார். கையை நீட்டிப் பல்லக்கு இருந்த பக்கம் காட்டினார். ஆவுடைநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள், மூட்டையைக் கீழே போட்டாள்.

“இங்க கொண்டாங்க. வெந்நி வைக்கச் சொல்லுங்க. ஆம்பளைங்க எல்லாம் மாமரத்துக்கு அந்தாண்ட போங்க. ராஜா, நீங்களுந்தான்!”

ராஜா போனார்.

வயிற்றைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. அக்காவுக்கும் இப்படித்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“வெள்ளைத்தாயி, வா இங்க. நான் இந்தப் பொண்ணைத் தாங்கிப் பிடிச்சுக்கறேன், ரெண்டு காரியம் ஒருத்தியால ஆகாது. நீதான் திருப்பணும். இதுக்குத்தான் இன்னொரு ஆசிரியை கேட்டேன், குடுத்தாங்களா?”

“அம்மா, என் கையப் பாருங்க…”

“பார்த்தேன். நடுங்கட்டும். நடுங்கற கை அழுத்திப் பிடிக்காது, அதுவும் நல்லதுக்குத்தான். தலை எங்க இருக்கு, சொல்லு.”

வெள்ளைத்தாயி கையை வைத்தாள். தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. பூசணிக்காய் ஒரு நாளும் உதைத்ததில்லை, இது உதைத்தது. அவள் முகம் மாறியது. “இடது பக்கம்மா. இங்க.”

“ஆங். வலி அடங்கினதும் தள்ளு. வந்தா நிறுத்து. மெதுவா, எங்கண்ணு, மெதுவா.”

எவ்வளவு நேரம் ஆனதோ, மாமரத்தடியில் ராஜாவும் தூதரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாசிலாமணியார் வெந்நீர்ப் பானையோடு போவதும் வருவதுமாக இருந்தார். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு வீறல். பெண் குழந்தை. வெள்ளைத்தாயி வெளியே வந்து, “தாயும் பிள்ளையும் சௌக்கியம்” என்றாள். தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ராஜா அழுதார். தூதர் அழுதார். மாசிலாமணியாரும் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

“அம்மா, என்ன வேண்டுமோ கேள்” என்றார் ராஜா. “கஜானாவில் மிச்சமிருப்பது எல்லாம் உனக்குத்தான்.”

“எனக்கு எதுக்கு ராஜா? துறைக்குக் குடுங்க. ரெண்டு ஆசிரியைங்க, சம்பளத்தோட. கதவு சாத்துற மாதிரி ஒரு அறை. கையால பழக ஒரு செல்லப்பன்.”

“அப்படியே ஆகட்டும்!” என்று உணர்ச்சியோடு சொல்லிவிட்டு ராஜா அரண்மனைக்குப் போனார். நிஜமாகத்தான் சொன்னார்.

சபை கூடியது. பேறுகாலத் துறைக்கு இதுவரை இல்லாத பெரிய தொகை ஒதுக்கப்பட்டது. அதை எப்படிச் செலவிடுவது என்று பெரியவர்கள் நீண்ட நேரம் விவாதித்தார்கள். இப்பேர்ப்பட்ட ஆசிரியையின் பெருமை ஒரு காய்கறி அறைக்குள் அடைந்து கிடக்கலாமா? நோக்குமலைக்குத் தெரியவேண்டாமா? முடிவில், மொட்டைமாடியில் ஆவுடைநாயகிக்குப் பிரம்மாண்டமான சிலை வைப்பதென்று தீர்மானித்தார்கள். உள்ளே வைக்கோல், வெளியே பொன் தகடு. திறப்புவிழாவில் ராஜா தழுதழுத்த குரலில் இன்னொரு ஆணையும் வாசித்தார். அந்தச் சிலைக்குப் பேராசிரியை பதவி, அன்றுமுதல் பணி நிரந்தரம். ஆவுடைநாயகிக்கு மேலும் ஓராண்டு தற்காலிக நீட்டிப்பு.

அவள் கூட்டத்தில் நின்று தன் சிலையை அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. “மூக்கு மட்டும் எங்கம்மா மாதிரியே இருக்கு” என்றாள் வெள்ளைத்தாயியிடம்.

மறுநாள் அவள் ஒரு கத்தரிக்கோலோடு மாடியேறினாள். சிலையின் முதுகில், நோக்குமலைக்குத் தெரியாத பக்கத்தில், தகட்டை லேசாக நெம்பிக் கை நிறைய வைக்கோல் உருவினாள். பழைய புடவையைக் கிழித்துத் தைத்தாள். சமையற்காரரிடம் வாங்கிய கேழ்வரகை வயிற்றில் வைத்துக் கட்டினாள். சாயங்காலம் கூடைக்குள் புது செல்லப்பன் கிடந்தான். அடுத்த வாரம் இன்னொன்று. ஒவ்வொரு மாணவிக்கும் ஒன்று வேண்டாமா? பொன் தகடு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கியது.

மலைமேல் வச்சிரநாதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மலை கொஞ்சம் வளைந்த மலை, கீழே போய்வந்த பிறகு அவர் கண்ணாடியை அந்த வளைவுக்கு நகர்த்தி வைத்திருந்தார், அங்கிருந்து முதுகும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கீழே நேரில் கண்டதை எழுத அவருக்கு விதி இடம்கொடுக்காது. மேலேயிருந்து கண்டதை மட்டுமே எழுதலாம். அவர் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்தார்.

‘குவளைநாட்டுப் பேராசிரியை நாளுக்கு நாள் இளைத்து வருகிறார். தக்க ஊட்டம் தராவிட்டால் கொடி இறங்கும்.’

அரண்மனை பதறிப்போனது. சிலைக்குத் தினமும் பாலும் நெய்யும் கேழ்வரகுக் களியும் படைக்க உத்தரவாயிற்று. படைத்ததை யாராவது சாப்பிடத்தானே வேண்டும்? பிரசவத்துக்கு வந்த பெண்களும் மாணவிகளும் சாப்பிட்டார்கள்.

‘பேராசிரியை மழையில் நனைகிறார்’ என்று அடுத்த குறிப்பு. மாடியிலிருந்து சிலையை இறக்கி, கதவும் தாழ்ப்பாளும் வைத்த நல்ல அறை ஒன்று கட்டி உள்ளே வைத்தார்கள். மலைக்கு எதிராக ஒரு ஜன்னல் மட்டும். ‘பேராசிரியைக்கு வேர்க்கிறது’ என்று மறு குறிப்பு. விசிறி வீச இரண்டு பெண்கள், மாதச் சம்பளத்தில். மாசிலாமணியார் ஆவுடைநாயகியைக் கூப்பிட்டு, யாரைப் போடலாம் என்று கேட்டார். கேட்கும்போது அவர் எங்கேயோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் பழைய மாணவிகளில் இரண்டு பேரைச் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். விசிறி வாங்க ஒதுக்கிய பணம் மட்டும் கடைசிவரை செலவாகவில்லை.

வெள்ளைத்தாயி படிப்பை முடித்துப் பன்றிக்கானலுக்குப் புறப்பட்ட அன்று, ஆவுடைநாயகி ஒரு செல்லப்பனைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். “அங்க உள்ள பிள்ளைங்களுக்கும் பழக்கு” என்றாள். வெள்ளைத்தாயி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினாள். எதிரே வந்தவர்கள் எல்லாம், குழந்தை அழாமல் எவ்வளவு சமத்தாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆவுடைநாயகி இன்றைக்கும் தற்காலிகம்தான். சிலை நிரந்தரம். குவளைநாட்டில் கல்விக்கு ஒதுக்கிய பணம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். உங்கள் ஊரில் எந்த வழியாக வருகிறதோ, எனக்குத் தெரியாது. வருகிறதல்லவா?